பெயரைக் கேளாதே, திறனைக் கேள்: ஒரு கணினிக் கருவியின் வரலாறு



தேக்கா நிலையத்தின் மேல்மாடியில் துணிக்கடைகளோடு தையற்கடைகளும் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். தீபாவளிக்கு முந்திய வாரங்களில் அங்கே நிற்கவும் இடமிராது. தையற்காரர் அளவு நாடாவைக் கழுத்தில் மாலையாகப் போட்டிருப்பார். நம்மைக் கண்டதும் நாடா இறங்கும். தோள், மார்பு, கை என அளவுகள் குறிப்பேட்டில் ஏறும். நம் பெயரையும் அவர் கேட்பார். ஆனால் அது பற்றுச்சீட்டில் எழுதுவதற்காக மட்டுமே. "பெயர் முருகன், ஆகவே தோளகலம் இவ்வளவு" என்று அவர் முடிவு செய்வதில்லை.

இதில் என்ன வியப்பு என்று கேட்கிறீர்களா? கணினி உலகம் இந்த எளிய உண்மையைக் கற்றுக்கொள்ள ஏறத்தாழ இருபது ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. அந்த வரலாற்றையே இப்பதிவில் சொல்ல விழைகிறேன். கணினித் துறையைச் சாராதவர்களும் தொடர்ந்து படிக்கலாம். இறுதியில் வகுப்பறைக்குத்தான் வந்து சேரப் போகிறோம்.

திரையில் ஓடிய வினாக்கள்

2000களின் தொடக்கத்தில் நான் தேசியக் கல்விக் கழகத்தில் ஆசிரியர் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தேன். சிம் லிம் சதுக்கத்தில் உதிரிப்பாகங்களை வாங்கிக் கணினியை நாமே பூட்டிக்கொள்வது அக்காலத்தில் பலருக்கும் வழக்கம். அவ்வாறு பூட்டிய கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவி, ஒரு மென்பொருளை அதன் மூலநிரலிலிருந்தே உருவாக்க முயன்றேன். வழிகாட்டிக் குறிப்பில் இருந்தபடி 'கன்ஃபிகர்' என்ற கட்டளையைத் தட்டினேன். திரையில் வரிகள் ஓடத் தொடங்கின. 'சி தொகுப்பி இருக்கிறதா... ஆம்', 'அது வேலை செய்கிறதா... ஆம்', 'இன்ன கோப்பு இருக்கிறதா... இல்லை'. இப்படி நூற்றுக்கணக்கான வரிகள்!

அருகில் பொறியாளரான என் பெரியம்மா மகன் அமர்ந்திருந்தார்.

"என்ன அண்ணா, இது பாட்டுக்குப் பரீட்சை எழுதிக்கிட்டே போகுதே?" என்றேன்.

"எழுதுலப்பா, வைக்குது. உன் கம்ப்யூட்டருக்குப் பரீட்சை வைக்குது" என்றார்.

ஆசிரியர் பயிற்சியில் இருந்தவருக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் வேறென்ன வேண்டும்? அன்று முதல் அந்தத் தேர்வாளரின் வரலாற்றை அறியும் ஆவல் என்னைப் பற்றிக்கொண்டது.

குறிப்புச்சொற்கள்

நிரலர் எழுதும் மூலநிரல் கணினிக்கு நேரடியாகப் புரியாது. அதை இயந்திரக் கட்டளைகளாக மாற்றித் தருவது 'கம்பைலர்' எனப்படும் தொகுப்பி. தொகுப்பியிடம் நிரலைக் கொடுக்கும்போது சில குறிப்புகளையும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். 'வேகத்திற்கு முதன்மை கொடு', 'பிழை தேட உதவும் விவரங்களை விட்டுவை', 'இன்ன செயலிக்கு உரிய கட்டளைகளைப் பயன்படுத்து' என்பன போன்றவை அவை. ஆங்கிலத்தில் இவற்றை 'ஃபிளாக்' என்பர். இங்கே குறிப்புச்சொற்கள் என்று அழைப்போம். துணியோடு சேர்த்துத் தையற்காரரிடம் சொல்லும் சொற்களைப் போன்றவை இவை.

தொல்லை என்னவென்றால், ஒவ்வொரு நிறுவனத்தின் தொகுப்பிக்கும் குறிப்புச்சொல் வேறு. பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் நூலகக் கோப்பு ஒன்றைக் கட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். நினைவகத்தில் எந்த இடத்தில் வைத்தாலும் இயங்கக்கூடிய நிரலாக அதைத் தொகுக்கச் சொல்ல வேண்டும். குனூ தொகுப்பியிடம் 'எஃப்-பிக்' என்று சொல்ல வேண்டும். சன் நிறுவனத்தின் தொகுப்பியிடம் 'கே-பிக்'. எச்பி நிறுவனத்தின் தொகுப்பியிடம் 'இசட்' என்ற ஒற்றை எழுத்து; அதற்கு முன்னால் மற்றவர்கள் இடும் சிறு கோடுகூட இல்லை, கூட்டல் குறி! விருப்பம் ஒன்று, சொல்லும் முறை மூன்று. மூன்று கணினிகளிலும் தம் மென்பொருள் இயங்க வேண்டுமென விரும்பும் நிரலர் என்ன செய்வார்?

ஒரு மொழி, பல வட்டாரங்கள்

இந்தக் குழப்பம் எவ்வாறு தோன்றியது? அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி 1970களின் தொடக்கத்தில் 'சி' மொழியை உருவாக்கினார். 1973இல் யூனிக்ஸ் இயங்குதளம் அம்மொழியில் திரும்ப எழுதப்பட்டது. அதுவரை இயங்குதளம் என்பது பெரும்பாலும் ஒரே வகைக் கணினிக்கென்று எழுதப்படுவது. சி மொழியில் எழுதியதால் அதை வேறு கணினிக்கும் பெயர்க்கலாம் என்ற வாய்ப்பு பிறந்தது. 1977இல் இன்டர்டேட்டா நிறுவனத்தின் கணினிக்கு யூனிக்ஸ் பெயர்க்கப்பட்டபோது அவ்வாய்ப்பு மெய்யானது.

ஆனால் பரவிய மொழியெல்லாம் வட்டார வழக்குகளைப் பெறும் அல்லவா? யூனிக்சும் பெற்றது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஒரு கிளை வளர்ந்தது. ஏடி அண்டு டி நிறுவனம் 1983இல் 'சிஸ்டம் ஃபைவ்' என்ற மற்றொரு கிளையை வெளியிட்டது. ஒரு சொற்றொடருக்குள் ஓர் எழுத்து எங்கே இருக்கிறது என்று தேடும் செயற்கூறு பெர்க்லி வழக்கில் 'இண்டெக்ஸ்'. சிஸ்டம் ஃபைவ் வழக்கில் 'எஸ்டிஆர்-சிஎச்ஆர்'. வேலை ஒன்றேதான். ஓரிடத்தில் 'வெங்காயம்', மற்றோரிடத்தில் 'ஈருள்ளி' என்பது போல! வழக்கு மாறினால் தொகுப்பி திகைத்து நின்றுவிடும்.

மூன்று பழைய வழிகள்

முதல் வழி, பயனரிடமே விட்டுவிடுவது. 1976இல் பெல் ஆய்வுக்கூடத்தின் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 'மேக்' என்ற கருவியை உருவாக்கினார். எந்தக் கோப்பை எந்த வரிசையில் தொகுக்க வேண்டும் என்பதை 'மேக்ஃபைல்' என்ற கோப்பில் எழுதி வைத்தால், வேலையை அது பார்த்துக்கொள்ளும். மென்பொருளைப் பெறுபவர் அக்கோப்பைத் திறந்து, தம் கணினிக்கு உரிய வரியைத் தேடிப் பொருத்தமான குறிப்புச்சொற்களைத் தம் கையாலேயே திருத்திக்கொள்ள வேண்டும். வல்லுநருக்கு இது எளிது. மற்றவருக்கு?

இரண்டாம் வழி, பயனரிடம் கேள்வி கேட்பது. 1984இல் லேரி வால் என்ற அமெரிக்க நிரலர், 'ஆர்என்' என்ற செய்தி வாசிப்பு மென்பொருளோடு ஒரு 'கன்ஃபிகர்' நிரலையும் சேர்த்து வெளியிட்டார். கணினியைத் தானே ஓரளவு ஆராய்ந்துவிட்டு, எஞ்சியவற்றைப் பயனரிடம் உரையாடல் போலக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிரல் அது. 1987இல் அவர் வெளியிட்ட பெர்ல் மொழியும் இவ்வழியையே பின்பற்றியது.

மூன்றாம் வழி, பெயர்ப் பட்டியல். எக்ஸ் விண்டோ என்ற வரைகலைத் தொகுதி 'ஐமேக்' என்ற கருவியைப் பயன்படுத்தியது. 'சன் கணினியா? இக்கோப்பைப் பார். எச்பி கணினியா? அக்கோப்பைப் பார்' என்று நிறுவனத்துக்கு ஒரு கோப்பு வைத்திருந்தார்கள். பார்ப்பதற்கு ஒழுங்கான ஏற்பாடுதான். ஆனால் பட்டியலில் இல்லாத கணினி வந்தால் அதற்குச் சொல்ல எதுவுமில்லை. பட்டியலில் இருக்கும் கணினியே புதிய பதிப்புக்கு மாறிவிட்டால் பட்டியல் தவறான விடையை உறுதியோடு சொல்லும். தவறான விடையைவிட, உறுதியோடு சொல்லப்படும் தவறான விடை ஆபத்தானது.

1991ஆம் ஆண்டின் கோடை

டேவிட் மெக்கன்சி என்பவர் அப்போது கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைக்காகக் குனூ கருவிகள் பலவற்றைப் பராமரித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கணினியிலும் கையால் தேர்ந்தெடுக்க வேண்டிய தெரிவுகள் ஏறத்தாழ இருபதாகப் பெருகிவிட்டன. பயனர்களுக்குத் தொல்லை, புதுப்பதிப்பு ஒவ்வொன்றையும் பல கணினிகளில் சோதிக்க வேண்டிய அவருக்கோ பெருந்தொல்லை. 1991 ஜூனில், சரியான தெரிவுகளைத் தானே ஊகித்துக்கொள்ளும் சிறு நிரல் ஒன்றை எழுதிச் சேர்த்தார். அது நன்றாக வேலை செய்யவே, மற்றக் கருவிகளுக்கும் அதைப் படியெடுத்து மாற்றி எழுதினார். பிறகு இத்தகைய நிரல்களைத் தானே எழுதித்தரும் கருவியையும் உருவாக்கினார். 'ஆட்டோகான்ஃப்' என்ற பெயரோடு அதன் முதற்பதிப்பு 1992இல் வந்தது.

மெக்கன்சியின் முடிவு ஒன்றுதான் இவ்வரலாற்றின் திருப்புமுனை. எந்த இயங்குதளத்தின் எந்தப் பதிப்பில் என்னென்ன உண்டு என்ற பட்டியலைக் காலத்துக்கேற்பப் பேணுவது கைகூடாத செயல் என்று அவர் கருதினார். ஆங்காங்கே உள்ளவர்கள் தம் கணினியில் மாற்றங்களைச் செய்துகொள்கிறார்கள். நிறுவனங்கள் திருத்தங்களை அனுப்புகின்றன. பெயர் அப்படியே இருக்க, உள்ளே ஆள் மாறிவிடுகிறார். ஆகவே 'நீ யார்?' என்று கேட்காமல், 'இதைச் செய்து காட்டு' என்று கேட்பதே நம்பத்தக்கது.

அந்தக் கேள்வி எவ்வாறு கேட்கப்படுகிறது தெரியுமா? கன்ஃபிகர் நிரல் சில வரிகளே கொண்ட குட்டி நிரல் ஒன்றைத் தானே எழுதும். அதைத் தொகுப்பியிடம் கொடுக்கும். தொகுப்பி ஏற்றுக்கொண்டால் 'ஆம்'. பிழை காட்டினால் 'இல்லை'. குறிப்புச்சொல்லைத் தேர்வதும் இவ்வாறே. 1989இல் சி மொழிக்கு அமெரிக்கத் தர நிறுவனம் ஒரு தரத்தை வகுத்தது. அத்தரத்தின்படி எழுதிய நிரலை ஏற்கும்படி சொல்ல எச்பி தொகுப்பிக்கு ஒரு சொல், ஐபிஎம் தொகுப்பிக்கு வேறொரு சொல், டெக் நிறுவனத்தின் தொகுப்பிக்கு மற்றொரு சொல். ஆட்டோகான்ஃப் முதலில் குறிப்புச்சொல் எதுவுமின்றிக் குட்டி நிரலைத் தொகுத்துப் பார்க்கும். தோற்றால், தன் பையில் உள்ள சொற்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கும். எந்தச் சொல்லோடு வெற்றி கிட்டுகிறதோ அதுவே விடை. 1990களின் பிற்பகுதியில் கோர்டன் மாட்சிகிட் உருவாக்கிய 'லிப்டூல்', நூலகக் கோப்புகளுக்கு மேலே சொன்ன மூவகைச் சொற்களுள் உரியதைத் தேர்ந்து தரும் பணியை ஏற்றுக்கொண்டது.

ஆசிரியர்கள் மனங்கொள்ள வேண்டிய இன்னொரு நுட்பமும் உண்டு. கன்ஃபிகர் நிரல் மிக எளிய, பழைய ஷெல் மொழியில்தான் இருக்கும். ஏனெனில் தேர்வு வைக்கப்படும் கணினிக்குத் தேர்வுத்தாளின் மொழியாவது புரிய வேண்டுமே! எளிய கணினிக்கும் புரியும் சொற்களால் மட்டுமே வினாக்கள் அமைகின்றன.

தலையாட்டும் மாணவர்

"புரிந்ததா?" என்று கேட்டால் வகுப்பில் சிலர் உடனே தலையாட்டுவார்கள். புரிந்திருக்காது. தொகுப்பிகளிலும் இத்தகையோர் உண்டு. தமக்குத் தெரியாத சில குறிப்புச்சொற்களைக் கண்டால் ஓர் எச்சரிக்கையை மட்டும் முணுமுணுத்துவிட்டு, வேலையை முடித்ததாகச் சொல்லிவிடும். கன்ஃபிகர் நிரலோ 'ஏற்றுக்கொண்டது' என்று குறித்துக்கொள்ளும். இதை அறிந்தவர்கள், எச்சரிக்கையையும் பிழையாகக் கொள்ளும்படி தொகுப்பிக்கு முதலிலேயே சொல்லிவிட்டுப் பிறகு சோதிக்கிறார்கள். தலையாட்டலை விடையாகக் கொள்ளாமல், செய்து காட்டச் சொல்வதற்கு ஒப்பானது இது.

எல்லா இடத்திலும் செய்து காட்டச் சொல்லவும் இயலாது. கைப்பேசிக்கான மென்பொருளை மேசைக் கணினியில்தான் கட்டுகிறோம். இயங்கப்போகும் கருவி அங்கே இல்லாதபோது, குட்டி நிரலை அதில் ஓட்டிப் பார்ப்பது எப்படி? அத்தகைய இடங்களில் முன்பே குறித்துவைத்த விவரங்களை நம்பியே ஆக வேண்டும். ஆகப் பட்டியலுக்கும் ஓர் இடம் உண்டு. ஆள் எதிரில் இல்லாதபோது பட்டியல். எதிரில் இருக்கும்போது அளவு நாடா.

சிங்கப்பூரில் தமிழுக்கு நேர்ந்தது

கணினிகளின் வட்டார வழக்கால் தமிழும் இடர்ப்பட்டது என்பதை நம்மவர்கள் மறக்க இயலாது. 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளின் இணையத் தொகுப்பை அன்றைய அதிபர் ஓங் தெங் சியோங் தொடங்கி வைத்தார். நான்கு மொழிக் கவிதைகளும் இடம்பெற்ற அத்தொகுப்பின் வழியாகத் தமிழ் எழுத்து இணையத்தில் காலடி வைத்தது. அதற்காக உழைத்தவர் 'கணியன்' மென்பொருளைத் தந்த எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் தான் டின் வீயின் குழுவினர் அவருக்குத் துணைநின்றனர். கோவிந்தசாமி தேசியக் கல்விக் கழகத்தின் விரிவுரையாளர். 1999இல் அவர் மறைந்தார். நான் அங்கே பயிலச் சென்றபோது அவர் இல்லை என்பது இன்றும் எனக்கு ஏக்கந்தான்.

அக்காலத் தமிழ்ப் பக்கத்தைப் படிக்க வேண்டுமானால் அந்தத் தளம் தரும் எழுத்துருவை இறக்கி நிறுவ வேண்டும். பிறகு உலாவியில் குறியாக்கத்தை மாற்ற வேண்டும். அடுத்த தளத்துக்கு வேறு எழுத்துரு, வேறு குறியாக்கம். டிஸ்கி, டாப், டாம் என்ற பெயர்களைக் கேட்டாலே பெருமூச்சு விடும் நண்பர்கள் இன்றும் இருக்கிறார்கள். தமிழ்நெட் 97 மாநாடு 1997இல் சிங்கப்பூரில் கூடியபோதும் இச்சிக்கலே முதன்மையாகப் பேசப்பட்டது. மெக்கன்சிக்கு முந்திய மேக்ஃபைல் நிலைமையில்தான் தமிழ் வாசகர் இருந்தார். கணினி கேட்டறிய வேண்டியதையெல்லாம் அவரே தம் கையால் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. ஒருங்குறி பரவிய பிறகே அச்சுமை இறங்கியது. அதற்குள் எத்தனை பேர் "தமிழ் தெரியவில்லை" என்று சொல்லிப் பக்கத்தை மூடிச் சென்றனரோ! எழுத்துரு இல்லாத குறை, மொழியின் குறையாகத் தோன்றிவிட்டது.

வேகமும் ஒரு பெயரும்

இயங்கினால் போதும் என்ற நிலை மாறி, விரைவாக இயங்க வேண்டும் என்ற நிலை வந்தது. குறிப்புச்சொற்களில் எந்தக் கூட்டு மிக விரைவானது? நூறு குறிப்புச்சொற்கள் இருந்து, ஒவ்வொன்றையும் சேர்க்கலாம் அல்லது விடலாம் என்றால், கூட்டுகளின் எண்ணிக்கை 31 இலக்க எண்! அனைத்தையும் சோதிக்க ஆயுள் போதாது. 1990களின் பிற்பகுதியில் டென்னசி பல்கலைக்கழகத்தின் 'அட்லஸ்', எம்ஐடியின் 'எஃப்எஃப்டிடபிள்யூ' ஆகிய கணக்கீட்டு மென்பொருள்கள் கணினியிலேயே பல வழிகளை ஓட்டிப் பார்த்து, நேரத்தை அளந்து, சிறந்ததைத் தேர்ந்தன. 1999இல் ரைஸ் பல்கலைக்கழகத்தின் கீத் கூப்பர், ஃபிலிப் ஷீல்கி, தேவிகா சுப்பிரமணியன் ஆகியோர் நிரலின் அளவைக் குறைப்பதற்காக, தொகுப்பியின் மேம்பாட்டுப் படிகளைத் தேர்ந்தெடுக்க மரபணு வழிமுறையைக் கையாண்டனர். 2007இல் வந்த குனூ தொகுப்பியின் 4.2 பதிப்பு, 'இந்தக் கணினியின் செயலிக்கு ஏற்றவாறே செய்' என்று ஒரே சொல்லில் கேட்க வழி தந்தது. வசதிதான். ஆனால் அவ்வாறு கட்டியதைப் பழைய செயலி உள்ள வேறு கணினிக்கு எடுத்துச் சென்றால், தெரியாத கட்டளையைக் கண்டு நிரல் நின்றுவிடக்கூடும். ஒருவருக்கு அளந்து தைத்த சட்டை மற்றவருக்குப் பொருந்துமா?

இங்கேதான் பெயர் மீண்டும் தலைகாட்டியது. இன்டெல், ஏஎம்டி நிறுவனங்களின் இத்தகைய செயலி ஒவ்வொன்றும், தன்னைச் செய்தவர் யார் என்பதைப் பன்னிரண்டு ஆங்கில எழுத்துகளில் சொல்லும். இன்டெல் நிறுவனத்தின் தொகுப்பி உருவாக்கிய நிரல்கள், செயலிக்கு என்ன திறன் உண்டு என்பதோடு நில்லாமல், அந்தப் பெயரையும் பார்த்தன. இன்டெல் என்றிருந்தால் விரைவுப் பாதை. அதே திறன் உடைய ஏஎம்டி செயலியாயினும் மெதுவான பாதை. டென்மார்க்கைச் சேர்ந்த ஆக்னர் ஃபாக் இதை ஆராய்ந்து எழுதினார். அமெரிக்க மத்திய வணிக ஆணையத்தோடு 2010இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, தன் தொகுப்பி பிற நிறுவனச் செயலிகளுக்கு அதே அளவு மேம்பாட்டைத் தராமல் போகலாம் என்பதை இன்டெல் வெளிப்படையாக அறிவிக்க வேண்டியதாயிற்று.

நம் நாட்டுக்கும் இதில் பாடம் உண்டு. தேசிய மீத்திறன் கணினி மையம் 2016இல் ஃபியூஷனோபோலிசில் நிறுவிய 'ஆஸ்பயர் 1' இன்டெல் செயலிகளைக் கொண்டது. பின்னர் வந்த 'ஆஸ்பயர் 2ஏ' ஏஎம்டி செயலிகளைக் கொண்டது. முன்னதற்கெனக் கையால் எழுதிவைத்த குறிப்புச்சொற்களைப் பின்னதில் கண்மூடி இட்டால் வேகம் குறையலாம். சில நிரல்கள் இயங்காமலும் போகலாம். கேட்டுத் தேர்ந்தால் மட்டுமே கணினியின் முழுத்திறனும் கிட்டும்.

பிழையான வினா

தேர்வாளரே தவறிழைத்தால்? 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் ஓர் அதிர்ச்சிச் செய்தியை வெளியிட்டார். கோப்புகளைச் சுருக்க உதவும் 'எக்ஸ்இசட்' என்ற மென்பொருளில் யாரோ கள்ளவழி ஒன்றை ஒளித்துவைத்திருந்தனர். தொலைக்கணினியில் நுழையும்போது ஏறத்தாழ அரை நொடி தாமதமாவதைக் கண்டு ஐயுற்றுத்தான் அவர் அதைத் துப்புத் துலக்கினார். அக்கள்ளவழியைத் திறந்துவிடும் வரிகள் எங்கே இருந்தன தெரியுமா? கன்ஃபிகர் நிரலை உருவாக்கும் கோப்புகளுள் ஒன்றில்! ஆயிரக்கணக்கான வரிகள் நீளும் இந்நிரல்களை எவரும் முழுமையாகப் படிப்பதில்லை என்பது கள்வருக்குத் தெரிந்திருந்தது.

இன்னொரு தந்திரம் அதைவிடச் சிறியது. சீமேக் என்ற மற்றொரு கட்டமைப்புக் கருவிக்கான கோப்பில், ஒரு பாதுகாப்பு வசதி கணினியில் இருக்கிறதா என்று சோதிக்கும் குட்டி நிரல் இருந்தது. அதில் தேவையற்ற ஒரு புள்ளியைச் செருகிவைத்தனர். ஒரே ஒரு புள்ளி! அதனால் அக்குட்டி நிரல் எந்தக் கணினியிலும் தொகுக்கப்படாது. வசதி இருந்தாலும் விடை 'இல்லை' என்றே வரும். பாதுகாப்பு ஓசையின்றி நீங்கிவிடும்.

அச்செய்தியைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. கணினியைப் பற்றிய கவலையால் அன்று.

என் வகுப்பில் ஒரு புள்ளி

சில ஆண்டுகளுக்கு முன் தொடக்கநிலை இரண்டில் ஒரு சிறுமி படித்தாள். வீட்டில் பேசும் மொழி ஆங்கிலம் என்று அவளுடைய படிவத்தில் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு, தமிழ் அறியாத பிள்ளைகளுக்குரிய எளிய பயிற்சித்தாள்களையே அவளுக்குத் தந்தேன். ஏறத்தாழ ஒரு தவணை முழுவதும் அவள் படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டும் ஒற்றைச் சொற்களை எழுதிக்கொண்டும் இருந்தாள். மாதாந்தரச் சோதனையில் அவள் மதிப்பெண் குறைவு. 'நான் நினைத்தது சரிதான்' என்று எண்ணிக்கொண்டேன்.

ஒருநாள் இடைவேளையில், பாட்டியோடு தேக்காச் சந்தையில் மீன் வாங்கிய கதையைத் தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்தது, விலை படியாமல் பாட்டி நடந்தது, மீன்காரர் திரும்ப அழைத்தது என அத்தனையும் தங்குதடையற்ற தமிழில்! படிவத்தை நிரப்பியவர்கள் பெற்றோர். அவளை வளர்த்தவரோ பாட்டி. என் சோதனையோ எழுத்தை மட்டும் கேட்டது. பேச்சைக் கேட்கவே இல்லை. 'இல்லை' என்று விடை வரும்படியான வினாவை நானே அமைத்துவிட்டு, அதை அவள் குறையாகப் பதிவு செய்திருந்தேன். அந்தப் புள்ளியை வைத்தது நான்.

அதே வகுப்பில் வேறொரு சிறுவன். வீட்டில் தமிழ் என்று படிவம் சொன்னது. அவன் சரளமாகப் பேசினான். ஆனால் உயிர்மெய் எழுத்துகளைக் கூட்டிப் படிக்கத் திணறினான். அவனைக் கடினமான குழுவில் அமர்த்தியிருந்தேன். அவனும் நன்றாகத் தலையாட்டினான்.

அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டின் முதல் இரண்டு வாரங்களிலும் படிவங்களை இழுப்பறையில் வைத்துவிடுகிறேன். பிள்ளைகளைப் பேசவைத்து, ஒரு படத்தைக் காட்டிக் கதை சொல்லவைத்து, சிறு பத்தி ஒன்றைப் படிக்கவைத்துக் குறித்துக்கொள்கிறேன். 'இல்லை' என்று விடை வந்தால், முதலில் என் வினாவைத் திரும்பப் பார்க்கிறேன். பிறகே படிவத்தை எடுக்கிறேன். நாற்பது நிமிடப் பாடவேளையில் இதற்கு நேரம் ஏது என்று சக ஆசிரியர்கள் கேட்பதுண்டு. கன்ஃபிகர் நிரலைப் பற்றியும் இதே குறையைச் சொல்வார்கள். மென்பொருளைத் தொகுக்கும் நேரத்தைவிடக் கேள்வி கேட்கும் நேரமே அதிகம் என்பார்கள். உண்மைதான். ஆயினும் பெயரைப் பார்த்து முடிவு செய்ததால் அச்சிறுமி இழந்த ஒரு தவணையை எண்ணும்போது, அந்த இரண்டு வாரம் எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

ஆட்டோகான்ஃபின் 2.69 பதிப்பு 2012இல் வந்தது. அடுத்ததான 2.70 பதிப்பு 2020இல்தான் வந்தது. அதன் காலம் முடிந்துவிட்டது என்பாரும் உளர். புதிய கருவிகள் பல வந்துவிட்டன. கருவிகள் மாறட்டும். 'நீ யார்?' என்பதைவிட 'உன்னால் என்ன முடியும்?' என்பது நல்ல வினா என்பதும், அந்த வினாவும் பிழையின்றி இருக்க வேண்டும் என்பதும் மாறப்போவதில்லை.

இவ்வார இறுதியில் தேக்காவுக்குச் சென்றால், தையற்காரரின் நாடாவைச் சற்று நின்று பாருங்கள். உங்கள் வகுப்பிலும் இல்லத்திலும் பெயரைப் பார்த்து ஏமாந்த நிகழ்வுகள் இருப்பின் எழுதுங்கள். படித்துப் பயன்பெறக் காத்திருக்கிறேன்.